கொடியில துணி காஞ்சிடுச்சா, இல்ல வெறும் சில்லுனு இருக்கா?

தேவனாம்பட்டினம்:
வீடு கடலூர் சில்வர் பீச் பக்கம். ஐப்பசி, கார்த்திகை வந்தா தினமும் இதே பஞ்சாயத்துதான். காலையில கொடியில தொங்குற சட்டையைத் தொட்டுட்டு மாமியார் "ஈரம்"ங்கறாங்க, வீட்டுக்காரர் "காஞ்சிடுச்சு, சில்லுனு இருக்கு, அவ்ளோதான்"ங்கறார். எப்படி உறுதியா கண்டுபிடிக்கறது?

தறிமேடை:
கையை நம்பாதீங்க. ஈரத்தை அறிய நம்ம தோல்ல தனி உணர்வு கிடையாது. குளிர்ச்சியையும் அழுத்தத்தையும் சேர்த்து வச்சு மூளைதான் "ஈரம்"னு முடிவு பண்ணுது. நல்லா காஞ்ச கைக்குட்டையை பாலித்தீன் பையில கட்டி ஃப்ரிட்ஜுல பத்து நிமிஷம் வச்சுத் தொட்டுப் பாருங்க, ஈரம்னுதான் தோணும். மதிய வெயில்ல சூடா எடுத்த துணி இதுக்கு நேர் எதிர். உள்ள தண்ணி இருந்தாலும் காஞ்ச மாதிரி ஏமாத்தும். அதனால பத்து நிமிஷம் நிழல்ல வச்சுட்டு, அப்புறம் பாருங்க. முதுகுப் பக்கம் பார்த்துப் பிரயோஜனம் இல்ல. காலர் மடிப்பு, பாக்கெட் அடி, இடுப்புப் பட்டி, இதுதான் கடைசியில காயும்.

சந்தேகமே வேணாம்னா எடை போடுங்க. பருத்தி என்னிக்கும் முழுசா உலராது. நூல் வியாபாரத்துலயே 100 கிராம் உலர்ந்த பருத்திக்கு எட்டரை கிராம் தண்ணியைச் சேர்த்துதான் கணக்கு. சித்திரை மதியத்துல 200 கிராம் இருக்கற சட்டை, அடைமழையில பத்துப் பதினஞ்சு கிராம் கூடினா அது காத்து கொடுத்த ஈரம். எத்தனை நாள் கொடியில போட்டாலும் போகாது, மடிச்சு வைக்கலாம். 30 கிராம் கூடுதல்னா இன்னும் காயல.

உப்பங்கழி:
கடல்ல நனைஞ்ச துணியா இருந்தா கதையே வேற. உப்பு தங்கிட்டா காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். சாதா உப்பு, காத்தின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானா கசியும். கடலுப்புல இருக்கற மக்னீசியம் குளோரைடுக்கு அதுல பாதிகூட வேணாம். மரக்காணம் கல்லுப்பு மழைக்காலத்துல ஜாடியில நீர் விடறது இதனாலதான். காலையில பிசுபிசுப்பு, மதியம் சரி, ராத்திரி திரும்பப் பிசுபிசுப்புன்னா உப்புதான்னு வச்சுக்கோங்க. கொடியை மாத்தினா தீராது. நல்ல தண்ணியில மூணு தடவை அலசுங்க, தடவைக்குத் தடவை தண்ணிய மாத்தணும். போர் தண்ணி உப்புக் கரிச்சா, கடைசி அலசலுக்காவது மழைத்தண்ணி பிடிச்சு வைங்க.

தேவனாம்பட்டினம்:
போர் தண்ணி கரிக்கத்தான் செய்யுது. அவசரத்துக்கு ஸ்கூல் யூனிஃபார்மை அயர்ன் பண்ணிக் காய வைக்கலாமா?

தறிமேடை:
பாலியெஸ்டர் கலந்ததுன்னா செய்யலாம், பாலியெஸ்டர் இழை உள்ள தண்ணியை ரொம்பக் கொஞ்சமாத்தான் பிடிக்கும். முதல் இழுப்புல ஆவி வந்தா இன்னும் ஈரம்னு அர்த்தம். பாக்கெட்டை வெளிய இழுத்து, உள்பக்கமா தேய்ங்க. தேய்ச்ச சூட்டோட மடிச்சா ஆவி மடிப்புலயே நின்னு மறுநாள் வாடை அடிக்கும், ஃபேன் அடியில கால் மணி நேரம் தொங்கட்டும்.