புதுப்பிப்பு: குளியலறைச் சுவரில் மாடம்
சோப்பு, ஷாம்பு வைக்கக் குளியலறைச் சுவரைக் குடைந்து மாடம் அமைக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அமைத்தாயிற்று, ஆனால் நினைத்த இடத்தில் அல்ல. ஷவருக்கு எதிர்ச்சுவர் நாலரை அங்குலம்தான். குடைந்தால் அடுத்த அறை தெரியும் என்று கொத்தனார் சிரித்தார். பக்கத்தில் 9 அங்குலச் சுவர். குழாய் எதுவும் போகாத இடமாகப் பார்த்து 4 அங்குல ஆழத்துக்கு வெட்டினோம்.

அடியில் கிரானைட் பலகை. முதலில் மட்டமாகவே பதித்துவிட்டார். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன்; மூலையில் அப்படியே தேங்கி நின்றது. முணுமுணுத்துக்கொண்டே பெயர்த்து, முன்பக்கம் லேசாகச் சரியும்படி மறுபடி பதித்தார். டைல்ஸ் ஒட்டும் முன் உட்புறம் முழுக்க நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, இரண்டு முறை.

மாடத்தின் விளிம்பு டைல்ஸ் கோட்டோடு அரை அங்குலம் ஒத்துப்போகவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியவில்லையாம்.