சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை: பழைய கரையா, புதிய தோட்டமா?

மாயூரத்தான்:
அனைவருக்கும் வணக்கம். சம்பா அறுவடை முடிந்ததும், மாசி மாதத்தில், உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக நானும் என் மனைவியும் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்கிறோம். திருமண வேலைகள் போக, நாங்கள் இருவர் மட்டும் ஊர் சுற்றக் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பிழைப்புத் தேடிப் போனவர். ஆகவே பழைய துறைமுகப் பகுதியையும் கப்பல்களையும் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். மனைவியோ, “ஊரில் பார்க்காத கோயிலா, குளமா? பூவும் விளக்குமாக ஒரு நாள் போகட்டும்” என்கிறார். காலை 8 மணிக்குப் புறப்பட்டு இரவு 10 மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?

நாகை உப்புக்காற்று:
காலை நேரத்தைத் தயங்காமல் தெலுக் ஆயர் தெருவுக்குக் கொடுங்கள். அங்கே 1828க்கும் 1830க்கும் இடையில் நம் கரையிலிருந்து சென்ற முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவரின் நினைவாக எழுப்பிய நாகூர் தர்கா இருக்கிறது. 1974இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சிறியதாகத் தெரியும் அந்தக் கட்டடம், கட்டப்பட்ட காலத்தில் கடலைப் பார்த்து நின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கிய பிறகுதான் கரை விலகிப் போனது. சில அடி நடந்தால் 1842இல் கட்டி முடிக்கப்பட்ட தியான் ஹோக் கெங் என்னும் சீனக் கோயில் வரும். கடல் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள், எந்த மதத்தவராயினும், முதலில் நன்றி சொன்ன தெரு அது.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். 1827இல் தோன்றிய அக்கோயிலை நிறுவியவர், 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை. நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து போனவர்களே அதன் தொடக்ககால அடியார்கள். ஆற்று முகத்துவாரத்தின் அருகே, 1850இல் இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபுவின் வருகைக்காக நிறுத்திய தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. மெர்லயன் சிலைக்கு முன்னால் படம் எடுக்க வரிசையில் நிற்பவர்களில் எத்தனை தமிழர்கள் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. மாயூரத்தாரே, உங்கள் பாட்டனாரின் சுவடு இந்தத் தெருக்களில்தான் இருக்கிறது. தோட்டத்தைப் பெங்களூரு லால்பாக்கிலும் பார்த்துக்கொள்ளலாம்.

அரசலாற்றங்கரை:
உப்புக்காற்று ஐயாவின் வாசிப்பை மதிக்கிறேன். ஆனால் ரஜூலா 1926இல் கட்டப்பட்ட கப்பல். தெலுக் ஆயர் கடல் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே தூர்ந்துவிட்டது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, அந்தப் பாட்டனாரின் சுவடு அந்தத் தெருவில் எப்படி இருக்கும்?

மாயூரத்தில் குடியிருக்கும் ஒரு பெண்மணியைக் கடல் கடந்து அழைத்துச் சென்று மாரியம்மன் கோயிலைக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை. கேள்வியில் இரண்டு விருப்பங்கள் இருந்தன. ஐயாவின் பதிலில் ஒன்றுதான் இருக்கிறது. நடவு, களை, அறுவடை, அடுப்பு என்று ஓடும் ஆண்டில் கணவனும் மனைவியும் மட்டும் கழிக்கும் ஒரு நாள் விடுமுறையாக இருக்கட்டும். அதைத் திதி கொடுக்கும் நாளாக்க வேண்டாம்.

என் பரிந்துரை கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை த பே). 2012இல் திறந்த அந்த வளாகத்தின் குளிரூட்டிய மேகக் காட்டுக் கூடத்தில் 35 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. அதற்கும் மலர்க் குவிமாடத்திற்கும் கட்டணம் உண்டு. வெளித் தோட்டத்திற்கு இல்லை. 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் 18 செயற்கைப் பெருமரங்களில் மாலை 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியும் இலவசம். நண்பகல் வெயிலைக் கண்ணாடிக் கூடத்திற்குள் கழித்துவிட்டு மாலையில் வெளியே வந்தால் கால் வலிக்காது. இன்னொன்று: ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியாவின் பக்கம் போகவே வேண்டாம். கூட்டத்தில் நடக்க முடியாது.

நாகை உப்புக்காற்று:
நான் குறிப்பிட்டது ஒருவருடைய காலடியை அன்று, அம்மா. அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே ஒரு நாகூரைக் கட்டி வைத்தவர்கள் இருந்ததால்தான், நாகையில் படகேறித் தொலைவில் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்குப் போன மனிதருக்கு, இறங்கிய ஊரில் தமிழ் பேசும் ஒரு கடையாவது இருந்தது. ரஜூலாவுக்குப் பின் அந்த வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு பயணிகள் போக்குவரத்தே நின்றுபோனது. வழி அற்றுப்போனதால்தான் அதன் மறுமுனையைப் பார்க்கச் சொல்கிறேன். ஞாயிறன்று தர்காவின் உள்ளே இருக்கும் மரபுடைமை நிலையம் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முகப்பைத் தெருவிலிருந்தே பார்க்கலாம்.

கடைமடைப் பொறியாளர்:
பொதுப்பணித் துறையில் ஷட்டர்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். இருவரும் ஒருவரையொருவர் மறுப்பதில் காட்டும் அக்கறையில், அந்தத் தோட்டத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள மரினா அணைக்கட்டை மறந்துவிட்டீர்கள்.

மரினா வளைகுடாவின் வாய்ப்பகுதியில் 350 மீட்டர் நீளத்திற்குக் குறுக்கே கட்டி, ஒன்பது மதகுகளை வைத்து, 2008இல் திறந்தார்கள். உப்புநீராக இருந்த துறைமுக வளைகுடா, மழைநீரால் சிறிது சிறிதாக மாற்றப்பட்டு நன்னீர்த் தேக்கம் ஆகிவிட்டது. படங்களில் கோபுரக் கட்டடங்களுக்கு முன்னால் நீலமாகத் தெரியும் அந்த நீர் இன்று கடல் அன்று, குடிநீருக்கான இருப்பு. ஏறத்தாழ 10,000 ஹெக்டேர், அதாவது தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை அங்கே வந்து சேர்கிறது. கனமழையின்போது கடல் வற்றமாக இருந்தால் மதகுகளைத் தாழ்த்தி நீரை வெளியே விடுகிறார்கள். கடல் ஏற்றமாக இருந்தால் மதகுகளை மூடிவிட்டு, ராட்சத பம்புகளால் வெள்ளத்தைக் கடலுக்குள் தள்ளுகிறார்கள்.

வேதாரண்யத்திலும் தலைஞாயிற்றிலும் கடல்நீர் ஆற்றில் ஏறி வயலைக் கெடுப்பதைப் பார்த்த எவரும் அங்கே கால் மணி நேரமாவது நிற்காமல் வர மாட்டார்கள். கடைமடை இயக்கு அணைகளில் நாம் செய்ய முயல்வதும் இதே வேலைதான். ஆனால் பம்பு வைக்கும் அளவுக்கு நமக்கு யாரும் பணம் ஒதுக்கியதில்லை. அணைக்கட்டின் மேல்தளம் முழுவதும் புல்வெளி. குடும்பங்கள் பட்டம் விடும் இடம் அது, கட்டணமும் இல்லை. ஒரு பக்கம் தேக்கமும் நகரமும், மறுபக்கம் சிங்கப்பூர் நீரிணையில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களும் தெரியும்.

தேக்கா திருவாரூரான்:
நான் இங்கேயே வேலை செய்கிறேன். கப்பல் பார்க்கப் பொறியாளர் ஐயா சொன்ன இடமே சரியானது. சரக்குப் பெட்டகத் துறைமுகத்திற்குள் யாரையும் விட மாட்டார்கள். 2022இல் முறையாகத் திறந்த துவாஸ் துறைமுகம் தீவின் மேற்குக் கோடியில் இருக்கிறது, நகருக்குள் இருக்கும் பழைய முனையங்களும் காலப்போக்கில் அங்கேதான் போகின்றன. 2023இல் 3 கோடியே 90 லட்சம் பெட்டக அலகுகளை (20 அடிப் பெட்டகம் ஒன்று ஓர் அலகு) கையாண்ட ஊர் இது. அவற்றில் பெரும்பாலானவை ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போகின்றன, ஊருக்குள் வருவதே இல்லை.

அரசலாற்றங்கரை அக்காவின் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஞாயிறு மாலை தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், சேரும் கூட்டம் யார்? கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பவும், சொந்த ஊர்க்காரனைப் பார்க்கவும் வருபவர்கள். மன்னார்குடியும் பட்டுக்கோட்டையும் திருத்துறைப்பூண்டியும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கின்றன. பாட்டனார் இறங்கிய இடத்தைத் தேடுகிறவர், இன்று இறங்கியிருப்பவர்களை மட்டும் தவிர்க்க வேண்டுமா?

அரசலாற்றங்கரை:
தம்பி, கூட்டத்தைக் குறை சொல்லவில்லை. முழங்கால் வலியோடு நடக்கும் ஒருவருக்குக் கூட்டம் கடினம் என்பதால் சொன்னேன். உங்களுக்கு அது சந்திப்பு. ஒரே நாள் வந்தவர்களுக்கு அது நெரிசல். மதிய உணவை அங்கே முடித்துக்கொண்டு, பெருங்கூட்டம் சேர்வதற்கு முன் கிளம்பினால் எனக்கு மறுப்பில்லை.

மாயூரத்தான்:
இதை எழுதுவது அவர் மனைவி. எனக்காகப் பேசியவர்கள் உட்பட யாரும் என்னைக் கேட்கவில்லை. தர்காவைப் பார்ப்பதில் எனக்குத் தடையில்லை. நாகூர் கந்தூரிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆண்டுதோறும் போவோம். மாரியம்மன் கோயிலும் கல்தூணும் வேண்டாம். தெலுக் ஆயர், லிட்டில் இந்தியா, தோட்டத்திற்கு அருகிலுள்ள பேஃபிரண்ட் மூன்றும் டவுன்டவுன் ரயில் தடம் ஒன்றிலேயே இருப்பதால், காலையில் தர்கா, மதியம் தேக்காவில் சாப்பாடு, பிறகு குளிர்ந்த கண்ணாடிக் கூடம் என்று வைத்துக்கொள்கிறோம். வெயில் தாழ்ந்ததும் அணைக்கட்டுக்கு அவர் போகட்டும். மதகு பார்க்க நான் வரவில்லை. பெருமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன், 7.45க்குள் அவர் வந்துவிட வேண்டும்.

கடைமடைப் பொறியாளர்:
அம்மா, அந்த மேல்தளத்திலிருந்து சூரியன் மறைவதைப் பார்க்காமல் போவீர்களா? இருவருமாகப் போய், 8.45 காட்சிக்குத் திரும்பி வாருங்கள்.

அரசலாற்றங்கரை:
8.45 காட்சி முடிந்து புறப்பட்டால் 10 மணிக்கு வீடு சேர்வது சந்தேகம். அவர்கள் போட்ட கணக்கே சரி.