யோசெமிட்டி: 12 மைல்தான், ஆனால் மேப் 7 மணி நேரம் காட்டுகிறது. உதவி தேவை, அவசரம்

பாலா_வேலூர்:
டிசம்பர் கடைசியில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். கூட்டம் இருக்காது என்றுதான் குளிர்காலத்தைப் பிடித்தேன். ஹோட்டலிலிருந்து பார்க் வாசல் 12 மைல் என்று போட்டிருக்கிறது, ஆனால் பள்ளத்தாக்குக்கு மேப் ஏழு மணி நேரம் காட்டுகிறது. வேறு ஆப்பிலும் அதே கதை. எப்படிச் சரிசெய்வது?

செல்வி:
எந்த ஊர் ஹோட்டல்? எங்கிருந்து கிளம்புகிறீர்கள்? என்ன வண்டி?

கார்த்தி87:
மேப்பில் 'டோல் தவிர்' ஆன் ஆகியிருக்கும். எனக்கும் ஒருமுறை இப்படித்தான் ஊரைச் சுற்றவைத்தது. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

மலைப்பாதை:
அந்த ரோட்டில் டோலே கிடையாது கார்த்தி. பாலா, ஊர் பெயரைச் சொல்லாமல் உதவி கேட்டால் என்ன செய்ய? பார்க்குக்குக் கிழக்கே உள்ள லீ வைனிங்காகத்தான் இருக்கும், வருஷா வருஷம் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பணம் கட்டும் முன் பார்க் தளத்தில் சாலை நிலவரத்தைப் பார்த்திருக்க வேண்டும். மேப் சரியாகத்தான் சொல்கிறது. நடுவில் இருக்கும் டயோகா கணவாய் 9,943 அடி. பனி விழுந்ததும் மூடினால் பெரும்பாலும் மே கடைசி, ஜூனில்தான் திறப்பார்கள். வடக்கே சொனோரா கணவாயும் மூடியிருக்கும். அதனால்தான் மலையையே சுற்றி வரச் சொல்கிறது.

பாலா_வேலூர்:
ஆமாம், லீ வைனிங்தான். லாஸ் வேகஸிலிருந்து வருகிறோம், வாடகைக் கார்.

செல்வி:
லீ வைனிங்கை ரத்து செய்துவிடுங்கள் பாலா. வேகஸ், பார்ஸ்டோ, பேக்கர்ஸ்ஃபீல்டு, அப்புறம் 99-ஆம் நெடுஞ்சாலையில் மெர்செட் வரை வந்து 140-ஆம் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். மாரிபோசா, எல் போர்ட்டல் வழியாக ஆற்றோரமாகவே போகும் ரோடு, இருக்கும் வழிகளில் அதுதான் தாழ்வானது. ஆனாலும் பனியில் வழுக்காமல் டயரில் மாட்டும் செயின் கையில் இருக்க வேண்டும்.

கார்த்தி87:
ஏ.டபிள்யூ.டி., அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி எடுத்தால் செயினே வேண்டாம். நான் நாலு வருஷமாகப் போகிறேன்.

மலைப்பாதை:
தவறு. ரோட்டில் ஆர்2 என்ற செயின் கட்டுப்பாடு போட்டால் ஏ.டபிள்யூ.டி.யிலும் நாலு டயரும் பனி டயராக இருந்தால்தான் மாட்டாமல் போகலாம், அப்போதும் வண்டியில் வைத்திருக்க வேண்டும். ஆர்3 என்றால் எந்த விலக்கும் இல்லை. ஏ.டபிள்யூ.டி. ஏற்றத்தில் இழுக்கும், சரி. இறக்கத்தில் பிரேக் எல்லா காரிலும் நாலு சக்கரத்துக்கும்தானே?

கார்த்தி87:
என்னை இதுவரை யாரும் நிறுத்தியதில்லை.

மலைப்பாதை:
நிறுத்தாததும் வழுக்காததும் ஒன்றா?

செல்வி:
இருவரும் கொஞ்சம் விடுங்கள், வயதானவர்கள் வருகிறார்கள். பாலா, பல வாடகை ஒப்பந்தங்களில் செயின் போடக்கூடாது என்றே இருக்கும், படித்துப் பாருங்கள். போன ஜனவரியில் ரோட்டோரம் மண்டிபோட்டு மாட்டினேன். சக்கரத்தின் உள்பக்கக் கொக்கி கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் மாட்ட வேண்டும், கையுறையோடு அது பிடிபடாது, கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் விறைத்துவிடும். அதனால் மாரிபோசாவில் தங்கி, காரை அங்கேயே விட்டுவிட்டு பார்க்குக்குப் போகும் யார்ட்ஸ் பஸ்ஸில் போங்கள். 140 வழியாகக் குளிர்காலத்திலும் ஓடுகிறது. மேலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கும் கிளேசியர் பாயிண்டுக்கு அப்போது ரோடு கிடையாது, ஆனால் யோசெமிட்டி மேலருவியின் அடியில் தெறிக்கும் தண்ணீர் உறைந்து கூம்பாக நிற்கும். அம்மாவுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

பாலா_வேலூர்:
மாரிபோசாவில் இரண்டு இரவு கிடைத்துவிட்டது. பஸ்தான். ரொம்ப நன்றி அக்கா, அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை வாங்கக் கிளம்புகிறேன்.

ஃப்ரெஸ்னோ_ரவி:
99-இல் அந்த மாதம் காலையில் மூடுபனி இறங்கும், முன்னால் போகும் வண்டியே தெரியாது. எத்தனை மணிக்கு அந்தப் பக்கம் வருவீர்கள் பாலா?

ஃப்ரெஸ்னோ_ரவி:
பாலா?