அலபாமாவின் பெரிய கோச் யார்? சேபனா, சாராவா?

ஹன்ட்ஸ்வில்வாசி: அலபாமா பல்கலைக்கழகத்தில் எத்தனையோ தலைமைப் பயிற்சியாளர்கள் இருந்திருக்கலாம். நிக் சேபனுக்குப் பக்கத்தில் நிற்க ஒருவரும் கிடையாது. 2007இல் ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) அணிக்கு வந்தார், 2024 ஜனவரியில் ஓய்வு. நடுவில் 6 தேசியப் பட்டம். மறுப்பவர்கள் வரலாம்.

சேலத்து வெண்ணிலா: வந்துவிட்டேன். 6 என்றால், அதே பல்கலையில் ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் சாரா பேட்டர்சனும் 6 வாங்கியிருக்கிறார். முதலாவது 1988, கடைசி 2012. வேலைக்குச் சேரும்போது அவருக்கு வயது 22. ஆனால் மைதான வாசலில் சிலையாக நிற்கும் ஐந்து பேரும் ஃபுட்பால் ஆண்கள்!

ஹன்ட்ஸ்வில்வாசி: அது ஃபுட்பால் மைதானம் மேடம், அங்கே வேறு யாருக்குச் சிலை வைப்பார்கள்? ஜிம்னாஸ்டிக்ஸ் நடக்கும் கோல்மன் அரங்கத்துக்கு வெளியே சாரா பெயரில் ஒரு முற்றமே இருக்கிறது. அப்புறம், ஒரு லட்சம் பேர் உட்கார்ந்து கத்தும் இடத்தில் ஜெயிப்பது வேறு.

சேலத்து வெண்ணிலா: அந்த ஒரு லட்சம் பேர் சேபனுக்கு முன்பே இருந்தவர்கள். பழைய ஃபுட்பால் கோச் 'பேர்' (Bear) பிரையன்ட் காலத்திலிருந்து வரும் பைத்தியம் அது. ஜிம்னாஸ்டிக்ஸ் பார்க்க 15,000 பேரைக் கோல்மனுக்கு வரவழைத்தவர் சாரா. விளைந்த வயலை அறுப்பதும் தரிசை உழுவதும் ஒன்றா?

பழைய ரசிகன்: பிரையன்ட் பெயரை எடுத்ததால் சொல்கிறேன். அவருக்கும் 6தான்.

சேலத்து வெண்ணிலா: ஐயா, 1958இல் வந்தவரின் அணியில் கறுப்பின வீரர்கள் ஆட்டத்தில் இறங்கியது 1971இல். அதையும் கணக்கில் சேருங்கள்.

ஹன்ட்ஸ்வில்வாசி: விளைந்த வயலா? சேபன் வந்த முதல் வருடம் 7 வெற்றி, 6 தோல்வி. லூசியானா-மன்ரோ என்ற சின்ன அணியிடம் சொந்த மைதானத்திலேயே தோற்றார்கள். அங்கிருந்து தூக்கி நிறுத்தினார். 2018 ஜனவரி தேசிய இறுதிப் போட்டியைப் பாருங்கள். பாதி ஆட்டத்தில் ஜார்ஜியா அணியிடம் 13-0 பின்தங்கல். இரண்டு வருடமாகக் குவார்ட்டர்பேக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) அணியை நடத்திய ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து, முதலாண்டுப் பையன் டுவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் டுவா முதலில் சொதப்பி 16 கெஜம் பின்னால் போனான். அடுத்த வீச்சே 41 கெஜம், ஆட்டம் முடிந்தது, 26-23. அந்த நெஞ்சுரம் யாருக்கு வரும்?

சேலத்து வெண்ணிலா: சரி, அது பெரிய முடிவுதான். ஆனால் சேபனின் தொடக்க ஒப்பந்தமே 8 வருடத்துக்கு 3.2 கோடி டாலர். ஜிம்னாஸ்டிக்ஸ் கோச்சுக்கு அதைக் கனவில்கூட யாரும் நீட்ட மாட்டார்கள்.

ஹன்ட்ஸ்வில்வாசி: மற்ற அணிகளின் செலவைத் தாங்குவதே ஃபுட்பால் வருமானம்தானே! அவர் வந்தபோது 25,000 சொச்சம் மாணவர்கள், பத்தே வருடத்தில் 38,000.

சேலத்து வெண்ணிலா: வெளிமாநிலப் பிள்ளைகளை நாடெங்கும் ஆள் வைத்துத் தேடி, உதவித்தொகை கொடுத்து இழுத்தது நிர்வாகம். அதையும் அவர் தலையில் கட்டிவிட்டீர்களா?

பழைய ரசிகன்: நெஞ்சுரம் பற்றி ஒன்று. 2013இல் பரம எதிரி ஆபர்ன் அணியுடன் ஆட்டம், 28-28. கடிகாரம் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி இருக்கிறது என்று வாதாடி வாங்கியவர் சேபன். 57 கெஜத்திலிருந்து அலபாமா கோலுக்கு உதைத்த பந்து எட்டாமல் விழ, ஆபர்ன் பையன் அதைப் பிடித்து மைதானம் முழுக்க ஓடி 34-28 ஆக்கினான்.

ஹன்ட்ஸ்வில்வாசி: நீங்கள் யார் பக்கம் ஐயா?

பழைய ரசிகன்: பிரையன்ட் பக்கம். முதலிலேயே சொன்னேனே.