கத்தியவாரிக்குக் கௌரவப் பட்டியல்: குதிரையை எதை வைத்துத் தேர்வு செய்வது?

மத்திகிரிக்காரன்:
வணக்கம். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் குஜராத்தின் கத்தியவாரி இனக் குதிரை வைத்திருப்பவர்கள் சேர்ந்து இந்த இனத்துக்கு ஒரு கௌரவப் பட்டியல் தொடங்குகிறோம். 1824ல் ராணுவக் குதிரைகளுக்காக ஏற்பட்ட மத்திகிரிப் பண்ணையில் இன்றும் கத்தியவாரி வளர்க்கிறார்கள். இந்த ஊருக்கு அந்தக் கடமை உண்டு. முதல் ஆண்டு பட்டியலில் மூன்று குதிரை, இரண்டு ஆட்கள். அழகுப் போட்டியில் பரிசு வாங்கியதை வைத்தே போடலாமா? ராசி பார்க்கும் முடிச் சுழிக்கும் மதிப்பெண் வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள்.

தொப்பூர் கணவாய்:
பரிசை மட்டும் வைத்துப் போடாதீங்க. நன்றாகத் தேய்த்து, எண்ணெய் பூசி நிறுத்தினால் சுமாரான குதிரையும் அன்றைக்கு மின்னும். இனத்துக்கு அது என்ன கொடுத்தது என்பதைக் குட்டிகளிடம்தான் பார்க்க முடியும். வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்து மூன்று வயது தாண்டிய ஐந்து குட்டிகளையாவது நேரில் பாருங்க. கால் நேராக இருக்கிறதா, குளம்பு கெட்டியா, ரேவால் என்கிற, இந்த இனத்துக்கே உரிய சொகுசு நடை வருகிறதா, லாடம் கட்டும்போது அடங்கி நிற்கிறதா என்று கவனியுங்க.

இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கும். பெண் குதிரைக்குச் சினைக்காலமே பதினொரு மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் கிடையாது, சில ஆண்டு அதுவும் தங்காது. பொலிகுதிரைக்கு, அதாவது இனவிருத்திக்கு விடும் ஆண் குதிரைக்கு, ஒரே பருவத்தில் பல குட்டிகள். எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போட்டால் தாய்க்குதிரை ஒன்றுகூட உள்ளே வராது. மூன்றில் ஒரு இடத்தை அவற்றுக்கு ஒதுக்கி, மூன்று நல்ல குட்டி இருந்தால் போதும் என்று வையுங்க.

சூளகிரி லாடம்:
அதற்கு முன்னால், காகிதத்தில் இருக்கிற குதிரைதானா எதிரில் நிற்கிறது என்று உறுதி செய்யுங்க. உடலில் பொருத்திய அடையாளச் சிப் இருந்தால் அதன் 15 இலக்க எண்ணைக் கருவியில் படித்து எழுதிக்கொள்ளுங்க. வயதுக்குப் பல்லைப் பாருங்க: மேல்வரிசை முன்பற்களில் கடைசி ஓரப்பல்லில், ஈறை ஒட்டிச் சின்னதாக ஒரு பழுப்புக் கோடு பத்து வயது வாக்கில் தலைகாட்டும். பதினைந்தில் பாதிப் பல் வரை இறங்கும், இருபதில் முழுப் பல்லுக்கும் ஓடும். ஒன்றிரண்டு வயது முன்னே பின்னே இருக்கலாம். 'பன்னிரண்டு வயது' என்று சொன்ன குதிரைக்குக் கோடு முக்கால் பல் தாண்டியிருந்தால் பேச்சை நம்பாதீங்க.

அந்தியூர் ஆடிச் சந்தைக்குக் கத்தியவாரியும் ராஜஸ்தான் இனமான மார்வாரியும் சேர்ந்தேதான் வரும். இரண்டுக்கும் காது உள்நோக்கி வளையும் என்பதால் காதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீங்க. கத்தியவாரிக்கு முகம் குட்டை, நெற்றி அகலம், பக்கவாட்டில் முகக்கோடு லேசாக உள்வாங்கும். உயரம் 147 செ.மீ. அளவில் இருக்கும், மார்வாரி பெரும்பாலும் அதைவிட உயரம். சமதளத்தில் நிறுத்தி, பிடரி முடிகிற தோள்மேட்டில் அளந்து, லாடக் கனத்தைக் கழியுங்க.

சுழிக்கு மதிப்பெண் வேண்டாம். ராசிக்கும் குட்டியின் தரத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் நெற்றி, கழுத்து, விலாச் சுழிகளைப் படமாக வரைந்து கோப்பில் வையுங்க. ஒரே நிறத்தில் இரண்டு குதிரை இருந்தால் ஆள்மாறாட்டத்தைப் பிடிக்க அதுதான் கை கொடுக்கும். தகப்பன் யார் என்பதில் தகராறு வந்தால், பிடரியில் வேரோடு பிடுங்கிய இருபது முப்பது முடி டிஎன்ஏ சோதனைக்குப் போதும்.

தொப்பூர் கணவாய்:
ஆட்கள் விஷயம். பணம் போட்ட முதலாளியையே மேடையேற்றாதீங்க. லாடக்காரர், குதிரைக்காரர், பிரசவம் பார்க்கும் மருத்துவர் மூவரையும் பரிந்துரைக்கலாம் என்று விதியிலேயே எழுதிவிடுங்க. அமெரிக்காவில் சரடோகா ஸ்பிரிங்ஸில் இருக்கும் குதிரைப் பந்தயக் கௌரவ மண்டபத்தில் பயிற்சியாளருக்கு 25 ஆண்டு, ஜாக்கிக்கு 20 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். குதிரை ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு ஆக வேண்டும். நமக்கு ஆட்களுக்குப் பதினைந்து ஆண்டு என்று தொடங்கலாம்.

பொலிக்கு விட்டுக்கொண்டிருக்கும் குதிரையைச் சேர்க்காதீங்க. பெயர் வந்த மறுநாளே பொலிக்கூலி ஏறும், உரிமையாளர் நெருக்குவார். தேர்வுக் குழுவுக்கு ஏழு பேர் போதும். தன் குதிரையோ சொந்தக்காரர் குதிரையோ வரும்போது அந்த உறுப்பினர் வெளியே போக வேண்டும். ரகசிய வாக்கில் ஐந்து கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு இடம் காலியாகவே இருக்கட்டும்.

மத்திகிரிக்காரன்:
மிக்க நன்றி. இறந்துபோன குதிரையைச் சேர்க்கலாமா? விழாவுக்குக் குதிரைகளை வரவழைக்கலாமா?

சூளகிரி லாடம்:
இறந்ததைத் தாராளமாகச் சேர்க்கலாம். குட்டிகளும் பழைய படங்களும் சாட்சி. விழாவுக்கு வரும் ஒவ்வொரு குதிரைக்கும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும், நோய் வந்த குதிரையைக் கொல்லத்தான் வேண்டும். முடிவு வராத குதிரைக்குப் பதில் அதன் படத்தை வையுங்க. தண்ணீர்த் தொட்டியும் பொதுவாக வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் தனி வாளி.