பதில்: பல் தெற்றுவதற்குச் சொல் – ‘தாடைக் குறுக்கம்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பற்கள் தெற்றும்படி தாடை வளராமல் நின்றுவிடுவதற்கு நம் கட்டுரையில் என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற இழை நீண்டுவிட்டது. இரண்டு மடல்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

> மால்அக்லூஷனுக்குப் ‘பற்கடிப் பிறழ்வு’ போதுமே, இன்னொரு சொல் எதற்கு?

வாய்க்குள் பார்க்கும் மருத்துவருக்குப் போதும். மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தவில்லை என்பதை அது சொல்லிவிடுகிறது. 1899இல் அமெரிக்கப் பல்மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் பிரித்த மூன்று வகைகளுக்கும் அதையே தலைச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் கட்டுரையின் கேள்வி வேறு. பழைய வேட்டைச் சமூகத்தாரின் மண்டையோடுகளில் பற்கள் பெரும்பாலும் ஒழுங்காக நிற்கின்றன. நமக்கு மட்டும் ஏன் தெற்றுகின்றன? இங்கே கோளாறு பல்லில் இல்லை, பல் உட்காரும் இடத்தில் இருக்கிறது. அந்த இடக்குறைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

பல்லின் அளவு ஈறுக்குள் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வெளியே வந்தபின் அது தேயுமே தவிர வளராது. தாடை எலும்பு அப்படியில்லை. குழந்தைப் பருவத்தில் எவ்வளவு மெல்லுகிறோமோ அதற்கேற்ப வளர்கிறது. வேகவைத்து, அரைத்து, குழைத்துக் கொடுத்தே வளர்த்தால் பல் முழு அளவில் வரும், தாடை மட்டும் கட்டையாக நின்றுவிடும். கடைசியில் வரும் ஞானப்பல்லுக்கு இடமே இருக்காது, பாவம், படுத்துக்கொள்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. மனிதப் பரிணாம ஆய்வாளர் டேனியல் லீபர்மன் குழுவினர் ஹைராக்ஸ் என்ற முயலளவு விலங்குகளில் ஒரு பகுதிக்குச் சமைத்த உணவையும் மறுபகுதிக்குப் பச்சையான, உலர்ந்த உணவையும் கொடுத்து வளர்த்தார்கள். 2004இல் வெளியான முடிவு: மென்மையாகத் தின்றவற்றுக்கு முகத்தின் கீழ்ப்பகுதியிலும் பின்பகுதியிலும் வளர்ச்சி சுமார் 10 விழுக்காடு குறைவு. மனிதர்களில், ரான் பின்ஹாசி குழு 2015இல் 292 பழைய எலும்புக்கூடுகளை ஆராய்ந்தது. லெவண்ட் (மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை), அனத்தோலியா (இன்றைய துருக்கிப் பகுதி), ஐரோப்பா என்று மூன்று நிலப்பகுதிகள். 28,000 முதல் 6,000 ஆண்டுகள் வரை பழைமை. வேட்டையாடிகளிடம் தாடையும் பல்லும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தன. உழவர்களிடம் அந்த இசைவு குலைந்திருந்தது.

‘அப்பாவின் பல், அம்மாவின் தாடை, அதனால்தான் நெருக்கம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். என் அக்கா மகளுக்குக் கிளிப் போட்டபோது எங்கள் வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். ஆனால் மானிடவியலாளர் ராபர்ட் கொருச்சினி சண்டிகர் நகரத்துப் பிள்ளைகளையும் சுற்றியிருந்த பஞ்சாபி கிராமத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, பற்கடிப் பிறழ்வு நகரத்தில்தான் கூடுதலாக இருந்தது. இரு தரப்பும் ஒரே இனத்தவர். பரம்பரையை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது.

> ‘சிறுதாடை’ என்றால் எல்லோருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். பிறவியிலேயே தாடை சிறுத்திருப்பது தனி நிலை என்று டாக்டர் அம்மா முன்பே எழுதினார்கள். ‘சிறுதாடை’யை அதற்கு விட்டுவிடுவோம். ‘தாடைச் சுருக்கம்’ என்றால் பெரிதாக இருந்த ஒன்று பிறகு சுருங்கியதாக ஆகிவிடும். ‘பல் நெருக்கடி’ என்று ஒருவர் எழுதியதைப் படித்துச் சிரித்தேன், நெருக்கமும் கடியும் ஒரே சொல்லில் வந்துவிட்டன! அகராதியில்தான் வைக்க முடியாது.

நான் முன்வைப்பது ‘தாடைக் குறுக்கம்’. ஐகாரக் குறுக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஐகாரத்துக்கு இயல்பாக இரண்டு மாத்திரை. ‘தலைவன்’ என்பதில் நடுவில் வரும்போது குறைந்து ஒலிக்கிறது. எழுத்து மாறவில்லை, அது வந்து நின்ற இடம் குறுக்கிவிட்டது. தாடையும் அப்படித்தான். நீளக்கூடியதுதான், வளர்ந்த சூழல் குறுக்கிவிட்டது. காரணத்தையும் உள்ளடக்கிய சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கும்போது புதிதாக ஒன்றை ஏன் செதுக்க வேண்டும்? அதன் விளைவுக்குத் தெற்றுப்பல், எத்துப்பல் என்று வழக்குச் சொற்கள் இருக்கவே இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பழையவர்களின் வரிசை அழகுக்குத் தேய்மானமும் ஒரு காரணம். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் பற்களை ஆராய்ந்த ரேமண்ட் பெக், கரடுமுரடான உணவால் பற்களின் பக்கங்களும் தேய்ந்து வரிசைக்கு இடம் கிடைத்ததாக 1954இல் எழுதினார். எனவே கட்டுரையில் எல்லாவற்றையும் தாடைக் குறுக்கத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது.

அந்தத் தேய்மானத்தால் முன்பற்களும் வயதாக ஆக நுனியோடு நுனி முட்டி நின்றன. இதை ‘முனைக்கடி’ எனலாமா? நமக்கு மேல்பல் கீழ்ப்பல்லைச் சற்றே மூடுகிறது. இந்த அமைப்பு இருந்தால் மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஒலிப்பது எளிது. மென்மையான உணவு பரவியபின் அத்தகைய ஒலிகள் பெருகின என்று 2019இல் மொழியியலாளர் பிளாசி குழு சயன்ஸ் இதழில் எழுதியது. தொல்காப்பியர் வகாரம் பிறக்கும் என்று காட்டுவதும் பல்லும் இதழும் இயையும் இடத்தில்தான்! அவருக்கு முனைக்கடி இல்லை போலும். (இது சும்மா விளையாட்டுக்கு; யாரும் மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.)

இந்த மூடிய அமைப்புக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘கவிகடி’ என்று எழுதிப் பார்த்தேன், கவிஞரைக் கடித்ததுபோல் இருக்கிறது. டாக்டர் அம்மா, நோயாளிகளிடம் நீங்கள் தமிழில் எப்படிச் சொல்கிறீர்கள்?