மேட்டூர் அணை திறந்தாச்சு: எங்கள் குடும்பக் குழுவில்

பெரியப்பா, திருத்துறைப்பூண்டி: தம்பி, டிவியில் பூத் தூவுகிறார்கள். ஜூன் 12 தவறாமல் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறதே!

சித்தப்பா, மேட்டூர்: ஆமாம் அண்ணே. கொஞ்சமாகத் திறந்து படிப்படியாகக் கூட்டுவார்கள். கல்லணைக்கு வர மூன்று நாளாகும்.

பெரியப்பா: கல்லணைக்கு மூன்று நாள் சரி. அங்கிருந்து வாய்க்காலின் கடைசியில் இருக்கிற எங்கள் கடைமடைக்கு? அதை எந்த டிவியிலும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் 😄

தங்கை, சென்னை: சித்தப்பா, நீர்மட்டம் 114 அடி என்று போடுகிறார்கள். அணையே 120 அடிதானே, இன்னும் ஆறடியில் வழிந்துவிடாதா?

சித்தப்பா: 120 அடி தண்ணீர்க் கணக்கு பாப்பா. கட்டடம் அடித்தளத்திலிருந்து 214 அடி. 120 தொட்டால் 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). அதிலும், 100 அடியில் சுமார் 65 டிஎம்சிதான் இருக்கும். மேலே போகப் போக ஏரி அகலம். கடைசி 20 அடியில் மட்டும் 28 டிஎம்சிக்கு மேல். அதனால்தான் இங்கே எல்லோரும் ஒவ்வொரு அடிக்கும் உயிரை விடுகிறோம்.

தங்கை: அப்போ நிறைய இருக்கும்போது கரண்டுக்காகத் தனியாகத் திறக்க மாட்டார்களா?

சித்தப்பா: மாட்டார்கள். பாசனத்துக்கு விடுகிற தண்ணீரே டர்பைனைச் சுற்றிவிட்டுப் போகும். அணை மின் நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின் நிலையம் 200. அதற்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று கதவணைகளில் அதே தண்ணீரில் திரும்பவும் மின்சாரம். வெள்ளக் காலத்தில் மிஞ்சுவதுதான் 16 கண் மதகில் போகும். வயலுக்குத் தேவையில்லை என்று மூடினால் இங்கே உற்பத்தியும் படுத்துவிடும்.

பெரியப்பா: கரண்டு எடுத்த தண்ணீரில் சத்து போய்விடும் என்று எங்கள் ஊர்ப் பெருசு ஒருத்தர் சாகும்வரை சாதித்தார். நெல் என்னமோ விளைந்துகொண்டுதான் இருந்தது.

சித்தி, மேட்டூர்: 📷 பண்ணவாடி பரிசல்துறை. ஏரிக்குள் இருக்கிற பழைய கோயிலின் நந்தி சிலை முழுகியாச்சு, கொம்புகூடத் தெரியவில்லை.

தங்கை: சித்தி, உங்கள் பாட்டி ஊர் இதற்கு அடியில்தானே?

சித்தி: ஆமாம்மா. 1925இல் கட்ட ஆரம்பித்து 1934இல் முடித்தார்கள். அதற்குள் ஊரைக் காலி செய்தாகிவிட்டது. நிலைக்கதவைப் பெயர்த்து வண்டியில் ஏற்றி வந்தார்கள். அந்தக் கதவு இப்போதும் கொளத்தூர் வீட்டில் இருக்கிறது, மேல்சட்டம் மட்டும் கரையான். தஞ்சாவூர்க்காரர்கள் சாப்பிட எங்கள் ஊர் போச்சு என்று பாட்டி திட்டுவார். அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம் 🙏

பெரியப்பா: இதில் கோபம் என்னம்மா. அறுத்ததும் ஒரு மூட்டை அனுப்புகிறேன்.

சித்தப்பா: இந்த வருஷம் குறுகிய கால நெல் குறுவையா அண்ணே, நீண்ட காலச் சம்பாவா?

பெரியப்பா: குறுவைக்கு இங்கே துணிச்சல் இல்லை. நேரடி விதைப்புச் சம்பாதான். தண்ணீர் வருவதற்குள் எங்கள் வாய்க்காலில் ஆகாயத்தாமரையை எடுக்க வேண்டும். ஆபீசில் மனு கொடுத்தாயிற்று, ஆளைக் காணோம். நாளைக்கு நாங்களே இறங்குகிறோம். என் பெரிய மகன் வீட்டில் இருந்தால் எழுப்பி அனுப்பச் சொல்லுங்கள், போனை எடுக்க மாட்டேன் என்கிறான்.